ரப்பர் பாலை ஷீட்டாக்குவதா, பாலாகவே விற்பதா, ஒட்டுப்பாலாக விடுவதா? காற்றையும் கணக்கில் சேர்த்து ஓர் ஒப்பீடு

குமரி மாவட்டத்தின் மலையடிவாரத்தில், குலசேகரம், அருமனை, கடையாலுமூடு, பேச்சிப்பாறை, தடிக்காரன்கோணம் பகுதிகளில் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ ரப்பர் வைத்திருக்கும் குடும்பங்கள் ஒவ்வொரு வெட்டு நாளிலும் முற்பகலுக்குள் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். சிரட்டையில் வடிந்த பால் சில மணி நேரத்துக்கு மேல் பாலாக இருக்காது. பாக்டீரியாக்கள் அதிலுள்ள சர்க்கரையை உண்டு அமிலங்களை உண்டாக்கத் தொடங்கியதும் தானாகவே திரிந்துவிடும். அதற்குள் ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் பிழிந்து தகடாக, அதாவது ஷீட்டாக அடித்து, புகைப்புரை எனப்படும் புகையூட்டி உலர்த்தும் அறையில் ஏற்றலாம். அம்மோனியா சேர்த்துப் பாலாகவே விற்கலாம். அல்லது சிரட்டையிலேயே உறையவிட்டு ஒட்டுப்பாலாகச் சாக்கில் கட்டலாம். ஷீட் அடிப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் மிச்சமிருக்கிறது: அதை உலர்த்துவது விறகுப் புகையிலா, வெயிலிலா, இரண்டையும் சேர்த்தா?

இந்த முடிவை இதுவரை சந்தை விலையும் ஆள்கூலியுமே தீர்மானித்து வந்திருக்கின்றன. அதில் தவறில்லை. ஆனால் இந்த வழிகள் ஒவ்வொன்றும் காற்றில் விடும் பொருள்கள் வேறு வேறானவை. அவற்றை முதலில் சுவாசிப்பவர்கள் அந்த வீட்டாரும், பால்வெட்டுத் தொழிலாளர்களும், வேலிக்கு அப்பால் குடியிருப்பவர்களும்தான். ஆகவே விலையோடும் கூலியோடும் காற்றையும் ஒரு வரியாக எழுதிப் பார்த்தால் எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதை இங்கே ஆராய்கிறேன். விலை நாள்தோறும் மாறும் என்பதால் அதற்கு எண்கள் தரவில்லை. காற்றின் வேதியியல் அப்படி மாறுவதில்லை.

முதலில் மரத்தின் வரவைச் சொல்லிவிட வேண்டும். இயற்கை ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்னும் சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. ஓர் அலகில் ஐந்து கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் இருப்பதால், அதன் எடையில் 88 சதவீதம் கார்பனே. அந்தக் கார்பன் முழுவதும் இலைகள் காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது. ஒரு கிலோ ரப்பர் உருவாக ஏறத்தாழ 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றிலிருந்து நீங்கியிருக்கிறது. டயராகித் தேய்ந்தும் எரிந்தும் அது ஒரு நாள் காற்றுக்கே திரும்பும் என்றாலும், பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை ரப்பருக்கு இப்படியொரு தொடக்க வரவே கிடையாது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்ட நிலையில் இந்த வரவு மதிப்புள்ளது. தோட்டத்திலிருந்து கடைக்குப் போவதற்குள் அதில் எவ்வளவைச் செலவழிக்கிறோம், அதோடு வேறு என்னென்ன நஞ்சைக் காற்றில் கலக்கிறோம் என்பதே நம் கேள்வி.

நம் மாவட்டத்தில் பழகிய வழி புகைப்புரை. உறைந்த பாலை ரோலரில் கொடுத்துச் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பிழிந்து, நிழலில் நீர் வடியவிட்டு, கழிகளில் தொங்கவிடுகிறோம். முதல் நாள் 40 டிகிரி செல்சியஸ் அளவில் தொடங்கி, மெல்ல மெல்ல 60 டிகிரி வரை சூட்டை உயர்த்தினால் நான்கைந்து நாளில் ஷீட் உலரும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் குமிழ் விழும். சரியாக உலர்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவிவரும். எங்காவது பால்நிறத் திட்டுத் தெரிந்தால் அங்கே ஈரம் நிற்கிறது என்று பொருள், வியாபாரி தரத்தை ஒரு படி இறக்கிவிடுவார்.

இதற்குச் செலவாகும் விறகு, புரையின் அமைப்பைப் பொறுத்து ஒரு கிலோ ஷீட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. சந்து பொந்துகள் நிறைந்த புரையில் இது இன்னும் கூடும். இந்த ஒரு கிலோ விறகு செய்யும் வேலை எவ்வளவு என்று கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். ஒரு கிலோ ரப்பருள்ள ஈர ஷீட்டில் அரைக் கிலோ நீர் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அதை ஆவியாக்க 1.2 மெகாஜூல் வெப்பம் போதும். ஒரு கிலோ காய்ந்த விறகில் இருப்பதோ ஏறத்தாழ 15 மெகாஜூல். பத்தில் ஒரு பங்குகூட ஷீட்டை உலர்த்தப் பயன்படவில்லை. மிச்சமெல்லாம் சுவரைச் சூடாக்கி, கூரையிடுக்கு வழியே வெளியேறி, எரியாத புகையாகவும் போய்விடுகிறது. புகைப்புரையின் மாசுக்குக் காரணம் விறகு என்பதைவிட இந்த விரயமே என்று சொல்வது பொருத்தம்.

ஆயினும் புகைக்கு ஒரு வேலை இருப்பதை மறுக்க முடியாது. மரத்திலுள்ள லிக்னின் அரைகுறையாக எரியும்போது பீனால் வகைச் சேர்மங்கள் ஆவியாகி ஷீட்டின் மேல் படிகின்றன. அவை பூஞ்சையைத் தடுப்பதால்தான் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறிப் பெய்யும் இந்த ஈரக் காற்றில் ஷீட் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கிறது. விலை ஏறும்வரை இருப்பு வைக்க நினைக்கும் சிறு விவசாயிக்கு இது பெரிய பலம். பால் விற்பவருக்கு இந்தப் பலம் கிடையாது.

பீனாலை மட்டும் தந்துவிட்டு நிற்கும் புகை எதுவுமில்லை என்பதுதான் சிக்கல். காய்ந்த விறகில் பாதி எடை கார்பன். அது முழுமையாக எரிந்தால் ஒரு கிலோ விறகுக்கு ஏறத்தாழ 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் மட்டுமே வரும். புகைப்புரையின் அடுப்போ சுடர்விடாமல் கனிய வேண்டும் என்றே அமைக்கப்பட்டது. காற்றும் சூடும் போதாத அந்த எரிதலில் கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், பார்மால்டிஹைடு, பென்சீன், பல வளையங்கள் ஒட்டிய பென்சோபைரீன் போன்ற ஹைட்ரோகார்பன்கள், எல்லாவற்றுக்கும் மேலாக 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த நுண்துகள்கள் ஆகியவை வெளிவருகின்றன. பென்சோபைரீன் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தப்பட்டது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்வது. நிறமும் மணமும் இல்லாதது. இரவு முழுவதும் கனிந்த புரையின் கதவைத் திறந்ததும் உள்ளே நுழைந்து ஷீட்டைத் திருப்பிப் போடுபவருக்கு வரும் தலைவலி பெரும்பாலும் இதனால்தான். கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து நுழைவது செலவில்லாத பாதுகாப்பு.

நுண்துகளின் அளவையும் பார்த்துவிடலாம். ஒன்றரை ஏக்கர்காரர் ஒருவர் நாளொன்றுக்கு 10 கிலோ ஷீட்டுக்காக 10 கிலோ விறகு எரிக்கிறார் என்றும், கிலோவுக்கு 6 கிராம் நுண்துகள் வெளிவருகிறது என்றும் நடுத்தரமாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 கிராம், உள்ளங்கையில் அடங்கும். ஆனால் 2009ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இந்தியக் காற்றுத் தர வரம்பின்படி ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேல் நுண்துகள் இருக்கக்கூடாது. அந்த 60 கிராம், நூறு மீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம், நூறு மீட்டர் உயரமுள்ள காற்று முழுவதையும் அந்த வரம்பு வரை கொண்டுவரப் போதுமானது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த 15 மைக்ரோகிராமை எடுத்துக்கொண்டால் அதைப்போல் நான்கு மடங்கு காற்று அதே 60 கிராமால் வரம்பை எட்டும்.

காற்று வீசினால் இது கலைந்துவிடும் என்பது பகலுக்குப் பொருந்தும். புகைப்புரையோ இரவில்தான் அதிகம் கனிகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் தரை விரைவாகக் குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்றின் கீழ் சிக்கிக்கொள்கிறது. மலைச்சரிவிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் அதோடு பள்ளத்தில் தேங்குகிறது. விடியற்காலையில் அடிவார ஊர்களில் பனிமூட்டம் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு புரைகளிலிருந்தும் அடுக்களைகளிலிருந்தும் வந்து மேலே போக வழியில்லாமல் நின்ற புகை. பால்வெட்டுபவர்கள் தோட்டத்தில் இருப்பதும் அதே நேரத்தில்தான்.

பகலில் இந்தப் புகை வேறொரு வேலையைத் தொடங்குகிறது. அதிலுள்ள எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும், வாகனங்களிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், வெயிலும் சேர்ந்தால் தரைமட்டத்தில் ஓசோன் உருவாகும். வானத்தின் மேலடுக்கில் நம்மைக் காக்கும் ஓசோன் இங்கே நுரையீரலையும் பயிரையும் கெடுக்கும். இந்த வரலாற்றில் ரப்பருக்கு ஒரு தனி இடமுண்டு. 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சூழ்ந்த கண்ணெரிச்சல் மூட்டத்தை ஆராய்ந்த ஆரி ஹாகன்ஸ்மிட் என்ற வேதியியலாளர், வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டுகளைக் காற்றில் வைத்து, அவற்றில் வெடிப்பு விழ எவ்வளவு நேரமாகிறது என்பதைக் கொண்டு ஓசோனை அளந்தார். ரப்பர் சங்கிலியில் ஒவ்வோர் அலகிலும் இருக்கும் இரட்டைப் பிணைப்பை ஓசோன் தேடிச் சென்று அறுப்பதே அந்த வெடிப்புக்குக் காரணம்.

பருவநிலைக் கணக்கில் விறகு சற்றுக் குழப்பமானது. முதிர்ந்த ரப்பர் மரத்தை வெட்டிய இடத்தில் மறு நடவு செய்தால், விறகு விட்ட கார்பன் டை ஆக்சைடை அடுத்த 25, 30 ஆண்டுகளில் புதிய மரங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளும்; ஆகவே விறகு நட்டமில்லாத எரிபொருள் என்று சொல்வதுண்டு. கார்பன் டை ஆக்சைடுக்கு இது ஓரளவு சரி. அரைகுறை எரிதலில் வரும் மீத்தேனுக்கு இது சரியல்ல. நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை ஏறத்தாழ 27 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 80 மடங்கும் கார்பன் டை ஆக்சைடைவிட வெப்பத்தைப் பிடித்து வைப்பது அது. மோனாக்சைடு தானாக வெப்பத்தைப் பிடிக்காவிட்டாலும், மீத்தேனைக் காற்றிலிருந்து அகற்றும் ஹைட்ராக்சில் என்னும் துப்புரவாளரைத் தான் தின்றுவிட்டு, மீத்தேனின் ஆயுளை நீட்டிக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தை விட்டுவிடக்கூடாது. கனியும் விறகின் புகை பெரும்பாலும் வெளுத்த, ஒளியைச் சிதறடிக்கும் கரிமத் துகள்களைக் கொண்டது. நெஞ்சுக்குக் கேடு மிகுதி. சுடர்விட்டு எரியும் விறகில் மொத்தத் துகள் குறையும், ஆனால் அதில் வெயிலை உறிஞ்சி வெப்பமாக்கும் கரும்புகைக்கரியின் பங்கு கூடும். எரிக்கும் விதத்தை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் சிறிது ஏறும் என்பது இதன் பொருள். நெஞ்சுக்கும் வானத்துக்கும் ஒருசேர நன்மை தருவது ஒன்றே: எரிக்கும் விறகின் அளவையே குறைப்பது. வழிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தனிப் புரை கட்ட வசதியில்லாத வீடுகளில் அடுக்களை அடுப்புக்கு மேல் கயிறு கட்டி ஷீட்டைத் தொங்கவிடும் வழக்கத்தைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. சோற்றுக்கும் ஷீட்டுக்கும் ஒரே புகை என்பது சிக்கனமாகத் தோன்றினாலும், ஷீட் உலர வேண்டும் என்பதற்காக அடுப்பை நாள் முழுவதும் கனியவிடும் வீட்டில் பெண்களும் குழந்தைகளும் சுவாசிப்பது மேலே சொன்ன அத்தனையையும்தான். எந்த விலைக்கும் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாலாகவே விற்பது புகையே இல்லாத வழி. தோட்டத்தில் விறகும் இல்லை, ஆசிட்டும் இல்லை, ரோலர் சுற்ற ஆளும் வேண்டாம்; மெட்ரோலாக் என்னும் பாலின் அடர்த்தி பார்க்கும் மிதவைக் கருவியை வைத்தோ மாதிரி எடுத்தோ உலர் ரப்பர் அளவைக் கண்டு அதற்கேற்பக் காசு தருவார்கள். இதன் விலை அம்மோனியா. பாக்டீரியாவைக் கொன்று, பாலின் காரத்தன்மையை உயர்த்தி, ரப்பர் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும்படி செய்வது அதுவே. பீப்பாயின் மூடியைத் திறந்ததும் கண்ணில் நீர் கொட்டவைக்கும் அந்த நெடியே எச்சரிக்கை. திறந்த வெளியில், காற்று நம் பின்னாலிருந்து வீசும்படி நின்று, கண்ணாடி அணிந்து கையாள வேண்டிய பொருள் அது.

காற்றில் கலந்த அம்மோனியா என்னவாகிறது? வளிமண்டலத்தில் காரத்தன்மையுள்ள முக்கிய வாயு அது ஒன்றே என்பதால், நிலக்கரி மின்நிலையங்கள் விடும் கந்தக டை ஆக்சைடிலிருந்து உருவான கந்தக அமிலத்தையும், வாகனப் புகையிலிருந்து வரும் நைட்ரிக் அமிலத்தையும் தேடிச் சேர்ந்து உப்பாகிறது. அந்த அம்மோனியம் சல்பேட்டும் நுண்துகள்தான். அம்மோனியம் நைட்ரேட் நம் வெக்கையில் நிலைக்காமல் மறுபடி வாயுவாகப் பிரிந்துவிடும், சல்பேட் பிரியாது. ஆனாலும் அளவு முக்கியம். 100 லிட்டர் பாலுக்கு அம்மோனியா ஏறத்தாழ ஒரு கிலோ வரை போதும். அதிலும் பெரும்பகுதி பாலுக்குள்ளேயே கரைந்து நிற்கிறது. நாட்டின் அம்மோனியா உமிழ்வில் பெரும்பங்கு மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் யூரியா இட்ட வயல்களிலிருந்தும் வருவது. அந்த ஒரு கிலோ முழுவதும் காற்றில் பறந்துபோய், அதன் நைட்ரஜனில் நூற்றில் ஒரு பங்கு மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது என்று பன்னாட்டு வழக்கப்படி கணக்கிட்டாலும், ஒரு கிலோ ரப்பருக்கு ஏறத்தாழ 100 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான சுமைதான் வரும்.

பாலில் மூன்றில் இரண்டு பங்கு நீர் என்பதால் நீரைச் சுமந்துகொண்டு வண்டி ஓட்டுகிறோமே என்று சிலர் கேட்பது நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 1,000 லிட்டர் பாலேற்றிய வண்டி 20 கிலோமீட்டர் ஓட இரண்டு லிட்டர் டீசல் குடிக்கிறது என்றால், அதிலுள்ள சுமார் 330 கிலோ ரப்பரில் கிலோவுக்கு 16 கிராம்தான் விழும். விறகின் கணக்கோடு ஒப்பிட்டால் இது பொருட்டே அல்ல. ஒரு வண்டிக்கு 50 லிட்டர்தான் சேர்கிறது என்றால் கணக்கு மாறிவிடும். பால் விற்பனை ஊர் சேர்ந்து செய்தால்தான் பயன் தரும் என்பதற்கு இதுவே காரணம்.

பாலின் மிச்சக் கதை ஆலையில் நடக்கிறது. மையவிலக்கு எந்திரத்தில் கடைந்து கெட்டிப் பாலைப் பிரித்த பின் எஞ்சும் நீர்த்த பாலைக் கந்தக அமிலம் விட்டு உறையவைக்கிறார்கள். சல்பேட் நிறைந்த அந்தக் கழிவுநீர் காற்றோட்டமில்லாத குளத்தில் தேங்கினால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். நல்ல சுத்திகரிப்பு நிலையமுள்ள ஆலையில் இதை அடக்க முடியும். நம் முற்றத்திலிருந்து புகையை ஒழித்து ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் தலையில் நாற்றத்தை இறக்கிவிடக் கூடாது என்பதால், பால் கொடுக்கும் ஆலை எப்படி நடக்கிறது என்று விசாரிப்பதும் விவசாயியின் பொறுப்பென்றே கருதுகிறேன். வேறொரு குறையும் உண்டு: கையுறை, மெத்தை போன்றவற்றுக்கான தேவை சரிந்தால் பாலை இருப்பு வைக்க முடியாது, அன்றைய விலைக்குத் தள்ளியே ஆக வேண்டும்.

ஒட்டுப்பாலைச் சுருக்கமாகவே சொல்லலாம். வேலை மிகக் குறைவு, விலையும் குறைவு. ஆள் கிடைக்காத தோட்டங்கள் இந்தப் பக்கம் சாய்வது இயல்பே. உறைந்த கட்டி சாக்கில் கிடக்கும் நாட்களில் புரதமும் சர்க்கரையும் அழுகி அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக், ஐசோவலெரிக் அமிலங்கள் ஆவியாகின்றன. பின்னிரண்டும் மிகச் சிறிய அளவிலேயே மூக்கைப் பிடிக்கவைக்கும். இவை பெரும் நஞ்சல்ல. ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் குவித்து வைத்தால் மழைக்காலத்தில் குடியிருக்க முடியாது. இதை வாங்கும் கட்டி ரப்பர் ஆலைகள் கழுவிப் பொடித்து 100 டிகிரிக்கு மேல் சூடான காற்றில் சில மணி நேரத்தில் உலர்த்துகின்றன. அந்தச் சூட்டுக்கு டீசலோ எரிவாயுவோ விறகுக் கழிவோ எரிகிறது, மிச்ச நாற்றமும் அப்போது புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. தோட்டத்தில் எரிக்காததை ஆலை எரிக்கிறது, ஆனால் நம் புரையைவிடத் திறமையாக எரிக்கிறது.

வெயிலில் மட்டும் உலர்த்துவது காற்றுக்கு மிகத் தூய வழி. நம் மாவட்டத்தில் அது ஜனவரி முதல் மே வரை ஓரளவு நடக்கும். அதிலும் இலையுதிரும் ஜனவரி, பிப்ரவரியை ஒட்டி வெட்டே நின்றுவிடுகிறது. மரம் அதிகம் சுரக்கும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. நேரடி வெயில் நெடுநேரம் பட்டால் புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து சங்கிலியை அறுத்து ஷீட்டைப் பிசுபிசுப்பாக்கிவிடும்; ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். தனி வழியாக இதை நம்ப முடியாது. துணையாக மிக நல்லது.

அந்தத் துணையை முறையாகச் சேர்த்ததுதான் வெயிலும் புகையும் கலந்த உலர்கூடம். ஒளி புகும் கூரைக்குக் கீழே கறுப்புத் தகடு வைத்து, பகலில் அதில் சூடேறிய காற்றை ஷீட்டுகளுக்கு நடுவே செலுத்தி, இரவிலும் மழை நாளிலும் மட்டும் அடுப்பை மூட்டும் அமைப்பு இது. கூரையின் தெளிந்த தகடு புற ஊதாக் கதிரைத் தடுப்பதாக இருக்க வேண்டும். முதல் ஓரிரு நாட்களில் ஷீட்டின் ஈரத்தில் பெரும்பகுதியை வெயிலே எடுத்துவிட்டால், புகைக்கு மிஞ்சும் வேலை கடைசி ஈரத்தை இறக்குவதும் பூஞ்சைக்கு எதிரான பீனாலைப் பூசுவதும்தான். வேண்டியது சில மணி நேரப் புகை. ஐந்து நாள் புகை அல்ல. விறகைக் குறைக்கும் வழியைத் தேடினோமல்லவா, அது இங்கேதான் கிடைக்கிறது.

இதை ஒவ்வொருவரும் தனித்தனியே கட்டுவது கையைக் கடிக்கும். ரப்பர் உற்பத்தியாளர் சங்கமோ, பத்துப் பதினைந்து அண்டை வீட்டாரோ சேர்ந்து குடியிருப்பிலிருந்து விலகிய இடத்தில் ஒன்று கட்டினால் செலவு பகிரப்படும். பெரிய புரையில் கிலோவுக்குச் சுவர்ப்பரப்பு குறைவதால் வெப்ப விரயமும் குறையும். உயரமான புகைபோக்கியும் தனி அடுப்பறையும் வைக்க முடியும். என் ஒப்பீட்டில் முதலிடம் இதற்குத்தான். பால் விற்பனையைவிட இதை மேலாக வைப்பதற்குக் காரணம், விலை சரியும்போது இருப்பு வைக்கும் உரிமையை இது விவசாயியிடமே விட்டுவைக்கிறது என்பது. காற்றை மட்டும் பார்த்தால் இரண்டும் அருகருகே நிற்கின்றன.

ஷீட் அடிக்கும் எந்த வழியிலும் மறைந்திருக்கும் ஒரு செலவு, பாலை உறையவைக்கும் டிஷ்களிலிருந்து (தட்டங்களிலிருந்து) கொட்டும் நீர். ரப்பர் 15 சதவீதமாகும்படி பாலை நீர்த்து உறையவைத்தால் 10 கிலோ ரப்பருக்கு 50 லிட்டருக்கும் மேல் தெளிநீர் வடியும். சர்க்கரையும் புரதமும் ஆசிட்டும் கலந்த அதை வாழை மூட்டிலோ ஓடையிலோ விடுகிறோம். தேங்கினால் ஆக்சிஜன் தீர்ந்து மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் கிளம்பும். புகையை ஒழித்துவிட்டு மீத்தேனை வளர்த்தால் பருவநிலைக்குப் பெரிய லாபமில்லை. இதே நீரை மூடிய கலனில் நொதிக்கவிட்டால் அதே மீத்தேன் அடுப்பெரிக்கும் வாயுவாகும். ஷீட் கழிவுநீருக்கான எரிவாயுக் கலன்களைக் கோட்டயத்திலுள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. சாண எரிவாயுக் கலன் கட்டும் அனுபவமும் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டம் இத்துறைப் பணிக்காக 2006இல் ஆஷ்டன் விருது பெற்றது. கூட்டு உலர்கூடம் கட்டுபவர்கள் இந்தக் கலனையும் சேர்த்துத் திட்டமிட்டால் கூடத்து அடுப்பின் சூட்டில் ஒரு பகுதியை அதிலிருந்தே எடுக்கலாம். குழாய் கசியாமல் பார்த்துக்கொள்வது கட்டாயம். எரியாமல் கசியும் மீத்தேன் குளத்திலிருந்து கிளம்பும் மீத்தேனைவிட எவ்விதத்திலும் நல்லதல்ல.

இனி அவரவர் நிலைமை. ஓர் ஏக்கருக்குக் குறைவாக, வீட்டையொட்டி மரம் வைத்திருப்பவர், நடந்து போகும் தூரத்தில் பால் சேகரிக்கும் வண்டி வந்தால், ஜூன் முதல் நவம்பர் வரையாவது பாலாகவே கொடுத்துவிடுவது நல்லது. புரையின் புகை அவருடைய அடுக்களைக்குள்ளேயே வந்துவிடுகிறது என்பதுதான் காரணம். சங்கமோ அண்டை வீட்டார் கூட்டோ உள்ள இடத்தில் கூட்டு உலர்கூடம். கோதையாறு, கீரிப்பாறை போல வண்டி எளிதில் ஏறாத மலைச்சரிவுகளில், பால் திரிந்துவிடும் என்பதால் ஷீட்டோ ஒட்டுப்பாலோ தவிர வேறு வழியில்லை. அங்கே தனிப் புரை இருந்தே தீரும் என்றால் அதைத் திருத்துவதே வேலை: அடுப்பைக் கூடத்துக்கு வெளியே தள்ளி மண் குழாய் வழியாகச் சூட்டை உள்ளே விடுதல், கூரையிடுக்குகளை அடைத்தல், அடுப்பு வாயின் மூடியால் காற்றை அளந்து விடுதல், வெப்பமானி ஒன்றைத் தொங்கவிடுதல். மழை நாளில் வெட்டுக்கு மேல் மரத்தில் கட்டிக் கிழிந்துபோன மழைக்காப்பு பாலித்தீனையும் அதன் ஒட்டுப்பசையையும் பழைய டயர்த் துண்டுகளையும் மூட்டத் தீயாகப் போடக்கூடாது. டயரிலுள்ள கந்தகம் கந்தக டை ஆக்சைடாக மாறி ஷீட்டிலும் நெஞ்சிலும் ஒருங்கே படியும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தின் ரப்பர் மரங்களைப் பெருமளவில் சாய்த்துவிட்டுப் போனபோது விறகுக்குப் பஞ்சமே இல்லாத காலம் ஒன்று வந்தது. ஈர மரத்தை அப்படியே அடுப்பில் தள்ளிய புரைகளும் இருந்தன. பச்சை ரப்பர் விறகின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நீர். அந்த நீரை ஆவியாக்கவே விறகின் சூடு செலவாகி, தீ தணிந்து, புகை பெருகும். எந்த வழியைத் தேர்ந்தாலும் புகை சிறிதளவேனும் தேவைப்படுபவர்கள், இலையுதிர்ந்து வெட்டு நிற்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விறகைக் கைமுட்டி பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் கட்டையின் மேல் அடுக்கி, தகரம் போட்டு மூடிவிட வேண்டும். ஜூன் மழைக்கு முன் அது உலர்ந்துவிடும்.